சுண்டுவிரல் நீள ஆணி

கறுப்புக் காபியே போதும் இன்ஸ்பெக்டர் சார். சர்க்கரை வேண்டாமென்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

பக்கத்து வீட்டு டேரலின் டிரெய்லரைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த ரகத்துக்குப் பிரேக் மிதி தனியாகக் கிடையாது. முன்னால் போகும் டிரக் வேகம் குறைந்தால், பின்னால் படகோடு வரும் டிரெய்லர் வந்து முட்டும். அந்த முட்டலே அதன் பிரேக்கை அழுத்திவிடும். நல்ல யோசனைதான். ஆனால் ரிவர்ஸ் எடுக்கும்போதும் டிரக் அதை முட்டத்தானே செய்யும்? மேட்டில் ஏற்றினால் சக்கரங்கள் இறுகிக்கொள்ளும், இம்மியும் நகராது.

அதற்கு மருந்து ஒரே ஒரு கம்பி. ரிவர்ஸ் விளக்கிலிருந்து ஐந்தாவதாக ஒரு கம்பி இழுத்துக் கோத்தால், பின்னால் போகும்போது பிரேக் தானே விலகிக்கொள்ளும். டேரலின் டிரக்கில் இருந்தது நாலு கம்பி பிளக். மாற்றுவது அரை நாள் வேலை. எட்டு வருஷமாகச் சொன்னேன்.

"பக்கத்துல நீ இருக்கும்போது எனக்கு எதுக்குய்யா அஞ்சாவது கம்பி?" என்பான்.

எங்கள் மினசோட்டாவில் கோடை ரொம்பச் சின்னது. சனி, ஞாயிறு தவறாமல் படகோடு ஏரிக்குப் போவான். திரும்பியதும் அவன் வீட்டு மேட்டில் டிரெய்லர் முரண்டுபிடிக்கும். இரண்டு ஹார்ன். சாப்பாட்டுத் தட்டை மூடிவைத்துவிட்டு நான் ஒரு சுண்டுவிரல் நீள ஆணியோடு போவேன். கொக்கிக்குப் பின்னாலுள்ள துளையில் அதைச் செருகினால் பிரேக் வேலை செய்யாது, வண்டி மேடேறிவிடும். ஏறியதும் உருவிவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் ரோட்டிலும் பிரேக் இருக்காது.

போன ஜூனில் என் மனைவி ஐரீனை அடக்கம் செய்துவிட்டு வந்தேன். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஹார்ன்.

"சொந்தக்காரங்கல்லாம் போயாச்சா? சும்மாதானே உக்காந்திருக்க, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போயேன் வெர்லின்."

போனேன். கோபமில்லை சார். களைப்பு.

இந்தச் சனிக்கிழமையும் செருகினேன். உருவ மறந்துவிட்டேன். அறுபத்தெட்டு வயதில் மறதி குற்றமா? உருவ மறக்காமலிருக்க ஆணியில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பன் எங்கே என்கிறீர்கள். அழுக்காக இருந்தது, வெட்டிப் போட்டேன். எப்போது என்று நினைவில்லை.

ஞாயிறு காலை டேரலும் அவன் மனைவியும் கிளம்பியபோது தபால் பெட்டியருகே நின்றிருந்தேன். கொக்கிப் பக்கம் பார்க்கவே இல்லை. டேரல் கண்ணாடியை இறக்கினான்.

"சாயங்காலம் வீட்லதான இருப்ப? நீ எங்க போகப்போற!"

"இங்கதான் இருப்பேன்."

மிச்சம் உங்களுக்கே தெரியும். ஏரிக்கு இறங்கும் சரிவு, பின்னாலிருந்து தள்ளிய மூன்று டன் படகு, கீழே சந்திப்பில் மரம் ஏற்றிய லாரி.

டேரலுக்காக வருந்துகிறேன். அவன் மனைவி மார்லிஸுக்காக இன்னும் அதிகமாக. ஐரீன் படுத்த படுக்கையாய்க் கிடந்த மூன்று மாதமும் காட்டரிசி சூப் வைத்து எடுத்துவந்தவள் அவள். நன்றி மறப்பவனில்லை நான். என்னால் ஆனதைச் செய்தேன் சார். "நீ இறங்கு மார்லிஸ், ஒரு காபி குடிச்சிட்டு என் கார்ல வா" என்று ஞாயிறு காலை மூன்று தடவை கூப்பிட்டேன். அவள்தான் கேட்கவில்லை.