காய்ச்சலோடு வாங்கும் கோப்பை

என் போன்றவன் கையிலும் துணிந்து ஒலிவாங்கியைக் கொடுத்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே! ஆசிரியப் பெருமக்களே! முன்வரிசைப் பெரியோர்களே! வேலை முடிந்து வீட்டுக்கும் போகாமல் வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் இந்தக் குழாய் ரிப்பேர்க்காரன் கைகூப்பி வணங்குகிறேன்.

எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன் நான். (சிரியுங்கள், என் மனைவியும் அங்கே சிரிக்கிறாள்!) எனக்குத் தட்டம்மையைப் பற்றி என்ன தெரியும்? கசிவு தெரியும், ஐயா! சுவரில் ஈரம் தெரிகிற அன்றா குழாய் உடைகிறது? உள்ளே ஊறி ஊறி, பிறகல்லவா வெளியே தெரிகிறது! தட்டம்மையும் அப்படியாம். தடிப்பு தெரியும் முன்பே, வெறும் காய்ச்சலும் இருமலுமாய் இருக்கும்போதே பரவிவிடுகிறது. இருமிய பிள்ளை எழுந்து போன பின்பும் அறைக் காற்றில் காத்திருக்கிறது.

இதே பள்ளியில் நான்காம் வகுப்பில் என் மகள். இரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் நடக்கிறது. பள்ளிக்குப் போகலாம் என்றிருந்த டாக்டர், பக்கத்துத் தெருவில் தட்டம்மை என்றதும் நிறுத்திவிட்டார்.

"அப்போ அவளுக்கும் தடுப்பூசி போட்டுடுங்க டாக்டர்" என்றேன்.

"இப்போ அவ உடம்பு தாங்காதுங்க. சுத்தி இருக்கிற பிள்ளைங்க போட்டுக்கிட்டாத்தான் அவளுக்குப் பாதுகாப்பு."

மகள் சொன்னாள்: "எல்லாரையும் போட்டுக்கச் சொல்லுப்பா. நீ பேசுனாலே நாலு தெருவுக்குக் கேக்குமே!"

அதனால்தான் கத்துகிறேன்.

தாய்மார்களே! காய்ச்சல் மருந்தை ஊற்றிப் பிள்ளையை அனுப்புகிறீர்களே, பாசம் இல்லாமலா? பாசம் இருக்கிறது, லீவுதான் இல்லை! (அந்த அம்மா தலையாட்டுகிறார்.) உங்கள் முதலாளியிடம் நான் வந்து பேசுகிறேன். அவர் வீட்டுக் குழாயும் என் கையில்தான்!

இன்னொன்று, ஒருவரும் லீவு போடாத வகுப்புக்குக் கோப்பை! காய்ச்சலோடு மகளை அனுப்பிவிட்டுப் பக்கத்து வீட்டுத் தங்கச்சி புலம்பினாள்: "இவ ஒருத்தியால கோப்பை போச்சுன்னா கிளாஸே கரிச்சுக் கொட்டும்ணே!" காய்ச்சலோடு வாங்கும் கோப்பை எதற்கு? இருமலோடு வாங்கும் பெருமை எதற்கு? அம்மா அவர்களே, இந்த ஆண்டு அதைப் பூட்டி வையுங்கள்!

("பூட்டிடறேங்க" என்கிறார் தலைமையாசிரியை அம்மா. கைதட்டுங்கள்!)

நாளைக் காலை இதே கூடத்தில் ஊசி போடுகிறார்கள். விடுபட்ட பிள்ளைகளை அழைத்து வாருங்கள். உங்கள் பிள்ளை கையில் ஏறும் ஊசி, என் பிள்ளைக்குக் கவசம்! அவள் என்றைக்கு வருவாள் என்பதை அவளும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஜன்னலோர பெஞ்சில் அவளுக்கு இடம் பிடித்து வைக்கச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.