மல்டிலிப்புக்கு ஒரு புதுப் பேரு

தேஜஸ்ரீ: அதில்லீங்க கிருபா, மல்டிலிப் ஆப்ஷனுக்கு அந்தப் பேரு வேண்டவே வேண்டாங்கறேன்.

கிருபாசங்கர்: நான் இன்னும் வாயே தொறக்கலீங்களே...

தேஜஸ்ரீ: காலைல இருந்து அதத்தான சொல்றீங்க! 'ரன் ஓல்டு புரோகிராம்ஸ்'... ஓல்டுன்னா எவ்வளவு ஓல்டு? போன வருசமா, எங்கப்பா காலமா?

கிருபாசங்கர்: உங்களுது மட்டும்? 'ஆட் 32 பிட் லைப்ரரீஸ்'... படிச்சு முடிக்கறதுக்குள்ள ஒரு டீ குடிச்சுபோட்டு வந்தர்லாமுங்க.

தேஜஸ்ரீ: உள்ளத உள்ளபடி சொல்லுதில்ல? கம்ப்யூட்டரு 64 பிட்டு. எம்பிராய்டரி புரோகிராமு 32 பிட்டு. ரெண்டுக்கும் வேண்டிய லைப்ரரி ஃபைலுக உள்ள இருந்தாத்தான் அந்தப் பழைய புரோகிராமு ஓடும்.

கிருபாசங்கர்: துடியலூர்ல ஏசியில உக்காந்திருக்கற நமக்கு அது தெரியுமுங்க. அவிநாசில எம்பிராய்டரி மெஷினப் பாத்துக்கற வஹீது பாய்க்கு?

தேஜஸ்ரீ: அவருக்கெப்படித் தெரியும்?

கிருபாசங்கர்: வேணுமா வேண்டாமான்னு கேக்கற எடத்துல நாம 'மல்டிலிப்'னு பேரு வெச்சோம். அவரு புது சிஸ்டத்த பில்டு பண்றப்ப அதப் பாத்து என்ன நெனச்சாரு? மல்டின்னா நாலஞ்சு மெஷின ஒண்ணாச் சேக்கறது, நம்மகிட்ட இருக்கறதே ஒண்ணுதானேன்னு...

தேஜஸ்ரீ: 'நோ' போட்டுட்டாரு.

கிருபாசங்கர்: மெஷினு படுத்துக்கிச்சு. கல்யாணச் சீலைல மயிலுக்குப் பழைய சிஸ்டத்துல தலை வந்திருச்சு, புதுசுல தோகையக் காணோம்!

தேஜஸ்ரீ: சிரிக்காதீங்க! பாவம் அந்தக் கல்யாணப் பொண்ணு.

கிருபாசங்கர்: நீங்கதானுங்க சிரிக்கறீங்க.

தேஜஸ்ரீ: ...செரி, செரி. சாயந்தரத்துக்குள்ள புது வெர்ஷன் போயாகோணும். பேரு முடிவாகலீனா பிரவீனா மேடம் நம்ம ரெண்டு பேரையும் அவிநாசிக்கே அனுப்பி, கையாலயே தோகை தைக்கச் சொல்லுவாங்க.

கிருபாசங்கர்: அப்ப... வஹீது பாயவே கேட்டர்லாமுங்களா?

தேஜஸ்ரீ: கேளுங்க! அவரு எதச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

கிருபாசங்கர்: என்னங்க, பொசுக்குன்னு ஒத்துக்கிட்டீங்க?

தேஜஸ்ரீ: நானே சொல்லலாம்னு இருந்தேன். முந்திக்கிட்டீங்க.

கிருபாசங்கர்: ஸ்பீக்கர்ல போடறேன்... ஏனுங்க பாய், கேக்குதுங்களா?

அப்துல் வஹீது: கேக்குதுங்க தம்பி. அம்மணியும் இருக்காங்களா?

தேஜஸ்ரீ: இருக்கறனுங்க. ஆப்ஷனுக்குப் பேரு ரெண்டு சொல்றோம். எது பாத்த ஒடனே வெளங்குதுன்னு...

அப்துல் வஹீது: அட, சொல்லோணுங்களா? ரெண்டும் எனக்குத் தெரியுமே...

கிருபாசங்கர்: பாய்! அது வந்து... லைன் செரியில்ல, நான் அப்பறமா...

தேஜஸ்ரீ: ஆமாங்க, ஒண்ணுமே கேக்கல! வெச்சர்லாம்!

அப்துல் வஹீது: எனக்கு நல்லாக் கேக்குதுங்க. காலைல தம்பி கூப்பிட்டு, 'அம்மணி வெச்ச பேருதான் நல்லாருக்குது, எனக்குத்தான் ஒத்துக்க வாய் வரமாட்டேங்குது, நீங்க சொல்லிருங்க'ன்னாப்ல. செத்த நேரங்கழிச்சு அம்மணி கூப்பிட்டு, தம்பி வெச்ச பேரச் சொல்லச் சொன்னாங்க. ரெண்டு பேருகிட்டயும் செரீன்னுபோட்டேன்... இப்ப நான் ஆருக்குக் குடுத்த வாக்கக் காப்பாத்தறதுங்க?