பதினான்கு எழுத்துக்கு மேல்

எனக்கு இரைச்சல் பிடிக்காது, ஐயா. வீட்டில் ரேடியோகூட மெல்லத்தான் பாடும். புரோகிராம் எழுதுகிறவனுக்கு அது நல்ல குணம் என்று எல்லாரும் சொன்னார்கள்.

2007இல் மாத்தளையில் ஒரு சிறிய கணினி நிலையத்தில் வேலை செய்தேன். குடியிருப்பாளர் பதிவைத் தேடப்படுவோர் பட்டியலோடு ஒப்பிட்டு, ஒத்த பெயர்களை எடுத்துத் தரும் புரோகிராம் ஒன்றைப் பாதுகாப்புப் பிரிவினர் கேட்டார்கள். எழுதி முடித்தபோது கணினி நாற்பத்தொரு எச்சரிக்கைகள் காட்டியது. எச்சரிக்கை என்பது பிழை அல்ல. புரோகிராம் ஓடும், இந்த இடத்தில் கவனம் என்று சொல்கிறது, அவ்வளவுதான்.

நாற்பதை ஒழுங்காகத் திருத்தினேன். ஒன்று மிஞ்சியது. பட்டியலில் ஒரு பெயருக்கு ஆங்கில எழுத்துப் பதினான்குக்குத்தான் இடம். அதற்கு மேல் வந்தால் மிச்சம் வெட்டுப்படும் என்றது. எங்கள் ஆட்கள் தகப்பன் பெயரை முன்னால் போட்டுத் தங்கள் பெயரைப் பின்னால் எழுதுகிறவர்கள். ஆறுமுகநாதன் என்று எழுதி ஓர் இடைவெளி விட்டால் பதினான்கும் தீர்ந்தது. அவர் பிள்ளைகள் எல்லாரும் கணினிக்கு ஒரே ஆள்.

அகலமான பட்டியல் தாருங்கள் என்று கேட்டிருக்கலாம். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருக்கிறவன் அந்தப் பட்டியலில் திருத்தம் கேட்டால் என்ன நினைப்பார்கள்? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பானேன். ஆட்களைத் தூக்கிப் போகும் வெள்ளை வான் காலம் அது; வாசலில் ஒரு வான் வேகம் குறைத்தாலே விளக்கை அணைத்துவிடுவேன். அந்தப் பகுதிக்கு மேலே எச்சரிக்காதே என்று ஒரு வரி, கீழே இனி எச்சரி என்று ஒரு வரி போட்டேன். அங்கே மட்டும் எச்சரிக்கை அடங்கியது. முதலாளி சுத்தமான திரையைப் பார்த்துக் கைகொடுத்தார்.

மூன்றாம் மாதம் இரத்தினம்மா வந்தார். மாத்தளையில் எங்கள் ஒழுங்கையில் பக்கத்து வீட்டுக்காரி, அந்த ஆறுமுகநாதனின் மனைவி. யட்டவத்த தபால் கந்தோரில் வேலை செய்யும் இளையவன் மகாலிங்கத்தை வழியில் நாலந்தாச் சந்தியில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்விட்டார்களாம்.

"அவங்க தேடுறது மூத்தவன, தம்பி. அவன் வீட்ட விட்டுப் போயி ஒம்பது வருசம். இவன் முத்திர குத்துற புள்ள. கம்பியூட்டர்ல வந்த பேரு தப்புன்னு நீங்க ஒரு கடுதாசி குடுத்தா விட்டுருவோம்னு சொல்றாங்க."

"கம்பியூட்டர் பிழை விடாதும்மா," என்றேன்.

அவர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். மகாலிங்கம் திரும்பி வரவில்லை.

அவனைப்போல் இன்னும் ஒன்பது பேர் என்று விசாரிக்க வந்த நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம். பயந்தவன் செய்த பிழை; கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

எப்போது தெரியும் என்றா கேட்டீர்கள்? முதல் நாளே தெரியும். சோதித்துப் பார்க்க என் பெயரைத்தான் முதலில் போட்டேன். வன்னிக்குப் போய்த் தேடப்படுவோர் பட்டியலில் இருந்த என் அண்ணனாக நான் வந்தேன். என் தகப்பன் பெயரான கனகசபாபதி வந்தால் தாண்டிப் போ என்று அப்போதே ஒரு வரி எழுதினேன். அது நன்றாக வேலை செய்தது.

இரத்தினம்மாவுக்கு அந்தக் கடிதத்தைக் கொடுத்திருந்தால் புரோகிராமைத் திறந்து பார்த்திருப்பார்கள். என் தகப்பன் பெயரையும் கண்டிருப்பார்கள். அதனால்தான் அந்தப் பிள்ளையைக் கொடுத்தேன், ஐயா.