ரெண்டு குட்டி, ஒண்ணு நீட்டு

ஞானசேகரன்: …பாடி மேம்பாலத்துல லாரிக்காரன் மேலயே ஏத்தியிருப்பான் தம்பி. நானும் தம் கட்டி அமுக்கறேன், ஹாரன் மூச்சே வுடல.

கிருபாகரன்: வுடுங்கண்ணாத்தே, நான் வந்துட்டேன்ல. டீ ஆறதுக்குள்ள கத்த வுட்டுடறேன்.

ஞானசேகரன்: அதான் ஒர்க்‌ஷாப்ல சொல்லிட்டேன், வேற எவனும் வேணாம், கிருபாகரனையே ஊட்டுக்கு அனுப்புங்கன்னு.

கிருபாகரன்: அண்ணனூர்ல உங்களுது மாதிரி எந்த பிக்கப்பு வண்டி கத்தினாலும் அது நம்ம கை பட்டதுதான்.

ஆக்னஸ்: அப்பா, டீ.

ஞானசேகரன்: தம்பிக்கு குடும்மா. எம்பொண்ணு, ஆக்னஸ். நீ பாத்திருக்க மாட்ட.

கிருபாகரன்: இல்ல… எங்க… இப்பத்தான் பாக்கறேன்.

ஆக்னஸ்: நானும்.

ஞானசேகரன்: பத்தாம் நம்பர் ஸ்பானர் உள்ளதான் கீது. இருங்க, எட்தாரேன்.

ஆக்னஸ்: ஐய… "இப்பத்தான் பாக்கறேன்"னு சொல்றப்ப காது எப்டி செவக்குது உனக்கு!

கிருபாகரன்: மெதுவா பேசுடி.

ஆக்னஸ்: அது இன்னாது, அண்ணாத்தே? எங்கப்பா உனக்கு அண்ணன்னா, நான் யாருடா உனக்கு?

கிருபாகரன்: மாமான்னு கூப்ட்டா ஸ்பானராலயே போடுவாரே…

ஆக்னஸ்: போட்டா வாங்கிக்க. ஞாயித்துக்கெழம பூந்தமல்லிலேர்ந்து என்னை பொண்ணு பாக்க வராங்க. இன்னிக்கு நீ அப்பாகிட்ட கேக்கலேன்னா, என் கல்யாணத்துக்கு சீரியல் செட்டு கட்டத்தான் வருவ.

கிருபாகரன்: கேக்கறேன்டி. மனுசன் வேலைய பாத்து அசந்து நிப்பாரு பாரு, அந்த கேப்புல கேட்டுடறேன்.

ஆக்னஸ்: கிழிச்ச. டெஸ்ட் பண்றப்ப பழக்கதோசத்துல நம்ம ஹாரன அடிச்சு தொலைக்காத. ரெண்டு குட்டி, ஒண்ணு நீட்டு… தெனம் சாயங்காலம் நீ பைக்ல வந்து தெருமுனைல அடிக்கறது அப்பா காதுலயும்தான் வுழுது.

கிருபாகரன்: நான் இன்னா கேனையா?

ஞானசேகரன்: யாருப்பா கேனை? இந்தா ஸ்பானர்.

கிருபாகரன்: இந்த… ஹாரன்தான்ணாத்தே. ஃபியூஸ் நல்லா கீது, ஒயர்ல கரண்டும் வருது. ஹாரன்தான் செத்துப் போச்சு. புதுசு கைலயே எட்தாந்துட்டேன்.

ஞானசேகரன்: பேட்டரி ஒயர கழட்டிட்டு கை வெய்யி.

கிருபாகரன்: கழட்டியாச்சு… இன்னாண்ணாத்தே இது? போல்ட்டு கிரீஸோட பளபளன்னு கீது, ஹாரன் மட்டும் துரு புடிச்சு கொட்டுது. இது இந்த வண்டி ஹாரனே இல்லியே. யாரு மாட்னது?

ஞானசேகரன்: எவனோ. நீ புதுச மாட்டு.

கிருபாகரன்: டைட்டு பண்ணிட்டேன்… பேட்டரி ஒயரும் மாட்டிட்டேன். அடிக்கட்டா?

ஞானசேகரன்: அடி.

ஹாரன்: பாஆம்!

ஞானசேகரன்: இன்னொரு தபா.

ஹாரன்: பாஆம்!

ஆக்னஸ்: சூப்பரா கீதுப்பா. போதும்.

ஞானசேகரன்: ம்ஹூம். இது இல்ல.

கிருபாகரன்: சத்தம் பத்தலியா?

ஞானசேகரன்: சத்தம் ஜோரா கீது. எப்பவும் தெருமுனைல அடிப்பியே… ரெண்டு குட்டி, ஒண்ணு நீட்டு. அத அடி.

கிருபாகரன்: அது… எதுண்ணாத்தே?

ஆக்னஸ்: அப்பா… வந்து…

ஞானசேகரன்: நீ இரும்மா. ஃபிரிட்ஜ் நெறைய பால வெச்சுகினு, அந்த சத்தம் கேட்டா பால் வாங்க ஓடறவதான நீ? அடி தம்பி.

ஹாரன்: பிப். பிப். பாஆஆம்.

ஞானசேகரன்: ஆங். இதான்.

கிருபாகரன்: அண்ணா… மாமா. ஒளிஞ்சு ஒளிஞ்சு வந்தது தப்புதான். ஆனா ஆக்னஸ எனக்கு குடுங்க. கைல தொழில் கீது, அவள நல்லா வெச்சுக்குவேன். அவ இல்லாம என்னால முடியாது மாமா.

ஞானசேகரன்: இத கேக்க இம்மா நேரமா உனக்கு?

ஆக்னஸ்: அப்ப… பூந்தமல்லிக்காரங்க?

ஞானசேகரன்: வராதீங்கன்னு இப்பவே போன் போட்டுடறேன். ஞாயித்துக்கெழம இவன் அவங்கம்மாவ இட்டுகினு வரட்டும்.

கிருபாகரன்: மாமா… அப்ப அந்த துருப்புடிச்ச ஹாரன்?

ஞானசேகரன்: நான்தான் மாட்டி வெச்சேன், வேற எப்டி உன்ன கிட்டத்துல பாக்கறது? நல்ல ஹாரன் சீட்டுக்கு அடில பத்திரமா கீது, அத எட்து மாட்டு. இந்த புதுச உன் பைக்குக்கு வெச்சுக்க… இனிமே தெருமுனைல நிக்காத மாப்ள, வாசல்ல வந்து அடி.