சுவரோரக் குழி

— குழி முன்னாடி ஒரு போர்டு வைக்கிறதுக்கு என்ன கேடு உனக்கு? அதச் சொல்லு மொதல்ல.

— வச்சேன்க்கா. மூணு தடவ வச்சேன். காட்டுமாடு முட்டித் தள்ளிட்டுப் போயிருது. செவப்பு நாடா கட்டுனேன், அதையும் இழுத்துத் தின்னுருச்சு. நான் சொல்றதக் கேளுங்க, கம்பெனிக்காரன் எனக்குக் குடுத்தது சூப்பர்வைசர் வேல. காட்டுமாடு மேய்க்கிற சோலி இல்ல.

— வாய் மட்டும் வக்கணையாப் பேசு செல்லப்பாண்டி. ரெக்ஸ் தம்பி, அந்த மனுவ எடுத்து நீட்டு. நாப்பத்தோரு வீட்டுக் கையெழுத்துப்பா இது. ஆபீஸ்ல கொண்டு போனா, சைட்டுல பேசிக்கங்கன்னு உன்னையக் கை காட்டுறாங்க. ரெண்டு மாசமா எங்க தெருவத் தோண்டிப் போட்டுட்டு, யூகலிப்டஸ் கொப்ப ஒடிச்சு நட்டு வச்சா ஆச்சா?

— சார், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. நெட் கேபிள் வேணும்னு கேட்டது உங்க தெருக்காரங்கதான். கேபிள் என்ன ஆகாசத்துலயா போகும்?

— இன்னைக்கு மூடணும்.

— யாரு சார் இல்லன்னா? திங்கக்கெழம மூடிருவோம். ஜேசிபி பூம்பாறையில நிக்கிது. அங்க ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கு.

— இன்னைக்கு. நாலு மணிக்குள்ள.

— இப்பவே மூணு ஆச்சே சார்!

— ஆகட்டும், தம்பி சொல்றது நியாயந்தானே. நீ இங்க வந்து எறங்குன அன்னைக்கே நான் சொன்னேனா இல்லையா? சுவத்தோரமாத் தோண்டாதப்பான்னு. நாலு மணிக்கு மேகம் எறங்கிருச்சுன்னா இங்க நம்ம கையே நமக்குத் தெரியாது. சின்னப்புள்ளையில இருந்து அட்டுவம்பட்டிக்காரங்க அத்தன பேருக்கும் ஒரே பழக்கம். அந்தக் கல்லுச் சுவத்துல இடது கைய வச்சுத் தடவிக்கிட்டே வீடு போய்ச் சேந்துருவோம். எத்தனாவது வளைவுல எந்தக் கல்லு சொரசொரன்னு இருக்கும்னு கூடத் தெரியும். சரியா அந்தச் சுவத்துக்கு அடியிலயே எட்டடி ஆழத்துக்கு வெட்டி வச்சியே, நீ என்ன மனுசன்?

— வேணாம்னீங்க, ஏன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்? நான் நத்தத்துக்காரன், வெயில்ல வளந்தவன். எந்த ஊர்லயும் கேபிள் ஓரமாத்தான் போகும். நடு ரோட்டுல வெட்டுனா வண்டி கவுந்துரும். ஓரம்னாத்தான் சேஃப்டின்னு நெனச்சேன்.

— அந்த சேஃப்டியிலதான் இந்த ரெக்ஸ் பொண்டாட்டி விழுந்தா.

— அக்கா...

— என்ன அக்கா? ஸ்கூல்ல பாடம் சொல்லிக் குடுத்துட்டு வந்த புள்ள. தோள்ல நோட்டுக்கட்டு. சுவத்தப் பிடிச்சுக்கிட்டே வந்து நேரா குழிக்குள்ள நீட்டிக்கிட்டிருந்த உன் கம்பி மேல. அனிட்டாவுக்கு முப்பதாம் நாள் பூசையும் வச்சாச்சு. குழி அப்படியே கெடக்கு.

— சார், நான் அன்னைக்கே உங்க கால்ல விழுந்தேன். எனக்கும் இப்பத்தான் கல்யாணம் ஆகி...

— அது வேணாம். மூடுங்க.

— நான் சொல்றதக் கேளுங்க சார். உள்ள ஜாயின்ட் வேல பாதியில நிக்கிது. மூடுனா மறுபடி வெட்டணும். என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாங்க. அதுவும் போக, அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் ஒருத்தராச்சும் விழுந்தாங்களா? நாப்பத்திரண்டு நாளு. ஒரு நாய்க்குட்டி கூட விழல. ஏன்னா உங்க தெரு ஏற்பாடு அப்படி. அதுக்கு நான் பெருமையாவே சொல்லுவேன்.

— என்ன ஏற்பாடு?

— அதான்க்கா, ஒரு லேடிய நிறுத்தியிருக்கீங்கல்ல. அவங்க இருக்காங்கன்னுதான் நான் எங்க வாட்ச்மேன அடுக்கம் சைட்டுக்கு அனுப்புனேன். தெனம் ரிப்போர்ட்டுல ‘குழிக்குக் காவல் உண்டு’ன்னு எழுதுறேன். பொய் எழுதல.

— நாங்க யாரையும் நிறுத்தலையேப்பா.

— வெளையாடாதீங்கக்கா. மேகம் எறங்குனதும் டாண்ணு வந்துர்றாங்க. மொகம் பாத்ததில்ல. அதான் வெள்ளையா மூடிக் கெடக்குமே. குரல் மட்டுந்தான். கிளாஸ்ல புள்ளைங்களுக்குச் சொல்ற மாதிரி, கத்தாம, தெளிவா. ‘சுவத்த விட்டுட்டு நடு ரோட்டுல போங்க. மெதுவாப் போங்க.’ அவ்வளவுதான். ஒரு நா பாவமா இருந்துச்சு. குளிர்ல நிக்கிறாங்களேன்னு ஒரு கப் டீ வாங்கிட்டுப் போனேன்.

— போயி?

— கிட்டப் போகப் போக சத்தம் கீழ இருந்து வந்துச்சு.

— கீழ இருந்தா?

— ஆழமா இருக்குல்ல, எதிரொலின்னு நெனச்சேன். டீய அங்கனயே வச்சுட்டு வந்துட்டேன். காலையில பாத்தா டீ அப்படியே இருக்கு, மேல ஆடை கட்டி. என்னக்கா? ஏன் உக்காந்துட்டீங்க?

— தண்ணி இருந்தாக் குடு.

— லீலாம்மா, மெதுவா.

— செவ்வாக்கெழம நானும் கேட்டேன் தம்பி. ஹோட்டல்ல பாத்திரமெல்லாம் கழுவிப் போட்டுட்டு வந்தேன். பழக்கம், கை தானாச் சுவத்துக்குப் போயிருச்சு. ‘லீலாம்மா, கைய எடுங்க. நடு ரோட்டுல போங்க’ன்னு... பேரச் சொல்லி. வீட்டுக்கு ஓடிப்போய்க் கதவச் சாத்திக்கிட்டு அழுதேன். இன்னைக்கு இவன்கிட்ட இப்படி எகிறுறதே அந்த நடுக்கத்துலதான். உங்கிட்ட எந்த வாயால சொல்லுவேன்?

— சொல்ல வேணாம். தெரியும்.

— என்ன தெரியும்?

— அனிட்டாதான்.

— ஐயோ முருகா! சார், சும்மா சொல்லாதீங்க சார். நான் தெனம் அந்த எடத்துல நின்னுதான் வீட்டுக்கு போன் பேசுறேன். டவர் அங்கதான் கெடைக்குது.

— உன்னைய ஒண்ணும் பண்ணலையேப்பா. நீதானே வெட்டுனே? உன்னையக் கூடப் பத்திரமாத்தானே போகச் சொல்லியிருக்கா. அதுதான் அனிட்டா. திட்டத் தெரியாத புள்ள.

— அக்கா, எனக்கு வேர்க்குது.

— கொடைக்கானல்ல வேர்க்குதுன்னு சொன்ன மொத ஆளு நீதான். தம்பி, நான் ஒண்ணு சொன்னாக் கேப்பியா?

— சொல்லுங்க.

— மூட வேணாம்.

— லீலாம்மா.

— இரு, முழுசாக் கேளு. அவ யாரையும் பயமுறுத்தல. போற வர்ற உசுரையெல்லாம் ஒவ்வொண்ணா நடு ரோட்டுக்குத் திருப்பி விடுறா. நம்ம தெருத் தாரணி ஏழு மாச வயித்தோட அந்த வழியாத்தான் வர்றா. இப்ப மண்ணக் கொட்டுனா யாரு தலையில கொட்டுறதா அர்த்தம்? உனக்கு எப்படிப்பா மனசு வருது? நானா இருந்தா நாலு மணியானா அங்க போய் உக்காந்து, அந்தக் குரலக் கேட்டுக்கிட்டே கெடப்பேன்.

— நான் போறேன்.

— போறியா?

— பன்னெண்டு நாளா. பூசை முடிஞ்ச மறுநாள்ல இருந்து.

— அப்புறம் என்னப்பா! செல்லப்பாண்டி, அந்த மனுவக் கிழிச்சுப் போடு. நாப்பத்தோரு வீட்டுக்கும் நான் பதில் சொல்லிக்கிறேன்.

— நானும் அதையேதான்க்கா நெனச்சேன். சார், நாளைக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தி, மன்னிப்புக் கேட்டுக்கிறேன். திங்கக்கெழம வரைக்குமாச்சும் அவங்க...

— கிழிக்காதீங்க. மம்பட்டி எங்க இருக்கு?

— ஷெட்டுக்குப் பின்னாடி. எட்டடி சார். ஒத்த ஆளாக் கையால மூடுற ஆழமா அது?

— பாதி மூடுனாப் போதும். கம்பி மறைஞ்சாச் சரி.

— தம்பி, என் மொகத்தப் பாரு. உனக்கு அவ குரல் வேணாமா?

— வேணும்.

— பின்ன?

— செல்லப்பாண்டி, இன்னைக்குக் காலையில குழிக்குள்ள ஏதாவது கெடந்துச்சா?

— ஒத்தை ஷூ கெடந்துச்சு சார். கறுப்பு, இடது கால். எவனோ டூரிஸ்ட் குடிச்சுட்டு வீசிட்டான்னு நெனச்சேன்.

— என்னுது.

— ஆண்டவரே! வழுக்கிருச்சாப்பா?

— வழுக்கல.

— வழுக்காம எப்படி?

— நேத்து குழி ஓரத்துல நின்னு நானே கழத்துனேன். ஒண்ணு கழண்டு உள்ள விழும்போது ஜீப்புக்காரன் ஒருத்தன் ஹாரன் அடிச்சான். முழிச்ச மாதிரி இருந்துச்சு. திரும்பிட்டேன்.

— சார், மேகம் எறங்குது. மேல பைன் மரத்தையெல்லாம் காணோம். இன்னைக்கு வெரசா வந்துருச்சு.

— மம்பட்டிய எடுங்க.

— ரெண்டு இருக்கு சார். நானும் வர்றேன்.

— நீ இருப்பா. தம்பி, எனக்குப் புரியல. ஊர்ல ஒருத்தருக்கும் கெடுதல் நெனைக்காத புள்ள அவ. எங்ககிட்டச் சொன்னதத்தானே உங்கிட்டயும் சொல்லியிருப்பா?

— உங்களையெல்லாம் ‘போங்க’ன்னு சொல்றா, லீலாம்மா. என்னைய ‘வாங்க’ங்கிறா.