அரைஞாண் கட்டிய கை

யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போடியில் ராக்கையா முதலாளி வீட்டு முன்னறை. முதலாளி சாய்வு நாற்காலியில். கணக்குப்பிள்ளை கன்னையன் அவருக்குப் பக்கத்தில் பாயில். முதலாளியின் மனைவி மாயக்காள் அம்மாள் உள்கதவுக்கு அந்தப் பக்கம் முக்காலியில். வளையல் போட்ட கை மட்டும் தெரிந்தது. நான் ஏலக்காய் மூட்டை மேல். வேலை கேட்டு வந்தவனுக்கு நாற்காலி கொடுக்க முடியாது, நிற்க வைக்கவும் அவருக்கு மனசு வரவில்லை. நல்ல மனிதர் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. ஐம்பத்து மூன்றாம் வருஷம், ஆடி மாதம்.

"இதுக்கு முன்னால என்ன சோலி பாத்தே ஆதித்தா?" என்று கேட்டார்.

"சர்க்கார் சோலிங்க. சாமான் கொட்டடி என் பொறுப்பு."

அது பொய் இல்லை. ஒரு மத்திய சிறையில் தூக்குமேடைச் சாமான்கள் என் பொறுப்பில் இருந்தன. கயிற்றுக்கு மெழுகு பூசி வைப்பேன். ஆளின் எடைக்கு மணல் மூட்டை தைத்து, தொங்கவிட்டுப் பார்ப்பேன். காலையில் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தியதும் கால்களைச் சேர்த்துக் கட்டுவேன். விசையை இழுப்பது வேறொருவர். எனக்கு அந்த வேலையில் குறை ஒன்றும் தெரியவில்லை. ஊருக்குத்தான் தெரிந்தது. வாடகைக்கு வீடு தரமாட்டார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில், நான் காபி குடித்த டம்ளரைக் குப்பையில் வீசிய சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. அதன் பிறகுதான் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன்.

"நறுவிசா இருக்காரு. கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க" என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாள் சொன்னார்கள். வேலை கிடைத்தது.

குரங்கணிக்கு மேலே, மலைச் சரிவில் முதலாளியின் ஏலத்தோட்டம். காய் உலர்த்துகிற கட்டிடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். வெளியே அடுப்பு, அதன் சூடு இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் சுற்றி வந்து, புகை கூரைக்கு மேலே போய்விடும். தட்டுகளில் பச்சைக் காய் பரப்பிக் கதவைச் சாத்தினால், சூடு ஏறி முடியும் வரை திறக்கக் கூடாது. திறந்தால் காய் வெளுத்துப்போகும், விலை போகாது. அதனால் தாழ்ப்பாள் போடுவதற்கு முன் ஸ்டோர்க்காரன் "உள்ளே ஆளுண்டோ?" என்று குரல் கொடுக்க வேண்டும். மலையாளத்து ஆட்கள் விட்டுப்போன பழக்கம். பதில் வரவில்லை என்றால்தான் தாழ்ப்பாள்.

அந்தப் பருவத்தின் முதல் அடுப்பை என்னைப் பற்றவைக்கச் சொன்னார்கள். காய் கிளிப்பச்சையாக வந்தது, நல்ல விலைக்கும் போனது. என் கைக்கு ராசி என்று பேச்சு கிளம்பிற்று. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்துப் பெண்கள் நாற்று நட, தொட்டில் கட்ட, கோழி அடைக்கு வைக்கக்கூட என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய்ச் செய்து கொடுத்தேன். தொட்டில் கயிறு கட்டுவதில் எனக்குச் சிரமம் இருந்ததில்லை.

இரண்டாம் பருவத்தில் திருப்பதி வந்தான். தேவாரம் ஊர்க்காரன். வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் ஒருவன் கையை வெட்டிவிட்டு உள்ளே போனவன். ஸ்டோரில் தட்டு தள்ள, காய் கிளற அவனை எனக்குத் துணையாகப் போட்டார்கள். வந்த அன்றைக்கே என்னை உற்றுப் பார்த்தான்.

"அண்ணே, உங்களைய நான் பாத்திருக்கேன். எங்கேன்னு சொல்லட்டுமா, வேண்டாமா?"

"வேண்டாம்" என்றேன்.

"சரிண்ணே." காயைக் கிளறிக்கொண்டே சொன்னான்: "நான் சொல்லித்தேன் சோலிக்குச் சேந்தேன். செயிலு களி தின்னவன்னு மொதலாளிக்கிட்டச் சொன்னேன். 'அதான் இம்புட்டுக் கருத்துப்போயி வந்திருக்கியா'ன்னு சிரிச்சாரு. அம்புட்டுத்தேன். நீங்களும் சொல்லிருங்கண்ணே. வகுத்துல வச்சுக்கிட்டுத் திரியாதீக."

அவனும் நல்லவன்தான். லயத்தில் யாரிடமும் என்னைப் பற்றிப் பேசவில்லை. எனக்குச் சோறு எடுத்து வைத்தான். என் துண்டையும் சேர்த்துத் துவைத்தான்.

அப்போதுதான் முதலாளியின் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ராசியான கையால் பேரனுக்கு அரைஞாண் கட்ட வேண்டும், வெள்ளிக்கிழமை ஆதித்தனைப் போடிக்கு அனுப்புங்கள் என்று மாயக்காள் அம்மாள் சொல்லியனுப்பினார்கள். கருப்புக் கயிறு கூட வாங்கி வைத்தாகிவிட்டது. திருப்பதியும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் காலை, நான் அடுப்புக்கு விறகு அடுக்கும்போது பக்கத்தில் வந்து குத்தவைத்தான்.

"பச்சப்புள்ள இடுப்புண்ணே. கட்ட வேண்டாங்கல. சொல்லிட்டுக் கட்டுங்க. அந்தாத்தா தெரியாம உங்க கையப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிடுமே. அது பாவமில்லையா?"

"சொல்லலேன்னா?"

"வெள்ளிக்கெழமைக்குள்ள நீங்க சொல்லலேன்னா, நான் சொல்லும்படியாயிரும்."

மிரட்டலாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரித்தான் சொன்னான். நான் யோசித்துப் பார்த்தேன். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்; அந்த டம்ளர் சத்தத்தைக் கேட்டவன் நான். இந்த மலையில் என்னைக் கண்டால் பெண்கள் குழந்தையை நீட்டினார்கள். அப்படி ஒரு இடம் ஒரு மனிதனுக்கு இரண்டாவது தடவை கிடைக்காது. திருப்பதிக்கு வேறு தோட்டம் கிடைக்கும். அவனிடம் போய்விடச் சொல்லலாமா என்றும் நினைத்தேன். ஆனால் போகிற வழியில் போடி இருக்கிறது.

குழாயின் மூட்டு ஒன்று ஏற்கெனவே கொஞ்சம் தளர்ந்திருந்தது. அதைச் சரி செய்யாமல் விட்டேன் என்று பிறகு விசாரிக்க வந்த கான்ஸ்டபிளிடம் சொன்னேன். சரியாகச் சொல்வதென்றால், கழற்றி வைத்தேன்.

புதன்கிழமை மத்தியானம் நல்ல மழை. ஆட்கள் லயத்துக்குப் போய்விட்டார்கள். திருப்பதி பின்வரிசைத் தட்டுகளைக் கிளறிக்கொண்டிருந்தான். நான் அடுப்பைப் பற்றவைத்தேன். கதவைச் சாத்தினேன். முறைப்படி குரலும் கொடுத்தேன்.

"உள்ளே ஆளுண்டோ?"

"இருக்கேண்ணே" என்றான்.

தாழ்ப்பாளைப் போட்டேன்.

கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. மழை என்று நினைத்தேன் என்று கான்ஸ்டபிளிடம் சொன்னேன். மழையும் பெய்துகொண்டுதான் இருந்தது. சத்தம் நின்ற பிறகும், காய்க்கு உண்டான நேரம் முடிகிறவரை திறக்கவில்லை. அந்தக் காயும் பச்சை கெடாமல் வந்தது.

குளிருக்கு உள்ளே ஒதுங்கித் தூங்கிவிட்டான், புகை அடைத்துவிட்டது என்று எழுதிக்கொண்டு போனார்கள். மலையில் முன்பும் அப்படி நடந்திருக்கிறது. முதலாளி மேலே வந்து அவன் முகத்தைப் பார்த்து அழுதார். தேவாரத்துக்குக் கொண்டுபோக ஆள் ஏற்பாடு செய்தார். டோலியில் வைத்து இறக்கும்போது உடம்பு சரியாமல் இருக்க வேண்டுமே என்று கால்களை நான் கட்டிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை அரைஞாண் தள்ளிப்போகும் என்று நினைத்தேன். மாயக்காள் அம்மாள் விடவில்லை. "கெட்டது நடந்துருச்சு தம்பி. நல்லது ஒண்ணு நடக்கட்டும்" என்றார்கள். குழந்தையை என் மடியில் கிடத்தினார்கள். கயிறு இறுகவும் கூடாது, நழுவவும் கூடாது. கட்டினேன். குழந்தை அழவே இல்லை. அம்மாள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

சாப்பிட்ட பிறகு முதலாளி என்னோடு தெருவாசல் வரைக்கும் நடந்து வந்தார். தோளில் கை போட்டார்.

"இனியும் எதுக்குய்யா பூசி மொழுகணும்? எனக்கு எல்லாம் தெரியும்" என்றார்.

நான் அவர் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"திருப்பதி சோலிக்குச் சேந்த வாரமே சொல்லிட்டான். நீ செயில்ல என்ன சோலி பாத்தேன்னு. 'அவரா வந்து சொல்ற வரைக்கும் காட்டிக்கிடாதீக மொதலாளி, சொன்னார்னா அவருக்கு மனசு லேசாகும்'னு கேட்டுக்கிட்டான். சர்க்கார் சொன்னதைச் செஞ்ச கை. உனக்கென்னய்யா தோசம்? மாயக்காளுக்கு நான் சொல்லிக்கிடுறேன். நீ வெரசாப் போயி பஸ்சப் பிடி."

மலை ஏறுகிற வரை அதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். ஒரு வார்த்தை, 'ஏற்கெனவே சொல்லிட்டேண்ணே' என்று ஒரே ஒரு வார்த்தை அவன் என்னிடம் சொல்லியிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு என்னோடு உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறான். எங்கள் இருவரில் மறைத்தவன் அவன்தான்.

பருவம் முடிந்ததும் கணக்கை முடித்துக்கொண்டேன். முதலாளி வருத்தப்பட்டார். என்னைக் காணும்போதெல்லாம் அவர் இரக்கமாகப் பார்த்தார். அப்படிப் பார்க்கிற ஒருவரிடம் நெடுநாள் வேலை செய்ய முடியாது. இப்போது மேற்கே ஒரு காப்பித் தோட்டத்தில் ஸ்டோருக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள். இதற்கு முன் பார்த்த வேலைகள் எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுத வேண்டுமாம். எழுதிவிட்டேன். சிறையின் பெயர், தூக்குமேடை, கயிறு, மணல் மூட்டை, கால் கட்டியது, எதையும் விடவில்லை. பிறகு ராக்கையா முதலாளியின் ஏலக்காய் ஸ்டோர். திருப்பதி சொன்னது சரிதான். எழுதி முடித்ததும் மனசு லேசாகத்தான் இருக்கிறது.

புதன்கிழமை மத்தியானத்தை அதில் சேர்க்கவில்லை. கேட்டிருப்பது வேலைகளைப் பற்றி. யாரும் உத்தரவு போடாமல், சம்பளம் வாங்காமல் செய்தது வேலைக் கணக்கில் வராது. உறைக்குக் கோந்து தடவி ஒட்டி, பெருவிரலால் ஓரத்தை நீவிவிட்டு, போடித் தபாலாபீஸ் பெட்டியில் போட்டேன். இந்தத் தடவை எதையும் மறைக்காமல் வேலைக்குப் போகிறேன்.