பேரருவியில் சொன்ன பதில்

ஓடுகிறேன். வலது கையில் தம்பி காதரின் கை. பினாங்கு. நாற்பத்தொன்று, டிசம்பர். காலை பத்து மணி இருக்கும். தெரு முழுக்கச் செருப்புகள். கவிழ்ந்த ரிக்‌ஷா. முன்னால் ஓடியவர் விழுகிறார். தாண்டுகிறோம். அடுத்த குண்டு வருகிறது. முதலில் நீளமான விசில். பிறகு சத்தமே இல்லை. தரை மட்டும் தூக்கிப் போடுகிறது. ஏன் சத்தமில்லை என்று சாயங்காலம்தான் தெரிந்தது. அப்போது வலது காதின் அடைப்பு விட்டது. இடது காது போயிருந்தது.

அதற்குச் சற்று முன்பு வரை யாரும் ஓடவில்லை. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். விமானங்கள் வந்தபோது கடைக்குள் இருந்தவர்கள்கூட வெளியே வந்தார்கள். அண்ணாந்து பார்த்தோம். நம்ம விமானம் என்றார் ஒருவர். சிலர் கையை ஆட்டினார்கள். வரிசை குலையாமல் வந்தன. நின்று பார்த்தோம். நின்றவர்கள் மேல்தான் முதல் குண்டு விழுந்தது.

நான் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். காதர் சோற்றுக் கடையில் இருந்தான். தென்காசியிலிருந்து இருவரும் ஒரே கப்பலில் போனவர்கள். அன்று இருவரும் பிழைத்தோம்.

பிறகு ஜப்பான்காரன் ஆட்சி. அரிசி இல்லை. மரவள்ளிக் கிழங்கு. ஒரு நாள் ஆள் எடுக்கிறார்கள் என்றார்கள். சயாமில் ரயில் பாதை வேலை. மூன்று மாதம். சம்பளம் உண்டு, அரிசி உண்டு, குடியிருக்க இடம் உண்டு. நான் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறேன். காதர் லாரியில் ஏறுகிறான். எஞ்சின் இரண்டு முறை இருமியது. பிறகு ஓடியது. அந்தச் சத்தம் வலது காதில் இன்னும் இருக்கிறது.

சண்டை முடிந்தது. திரும்பியவர்களை ஒவ்வொருவராகக் கேட்டேன். செங்கோட்டைக்காரர் சுப்பையா மட்டும் பார்த்திருந்தார். காலரா கொட்டகையில் காதர் படுத்திருந்தானாம். மறுநாள் அந்தக் கொட்டகையைக் கொளுத்திவிட்டார்களாம். அவ்வளவுதான்.

நாற்பத்தாறில் ஊருக்கு வந்தேன். பாத்திமாவைக் கட்டினேன். குற்றாலத்தில் சீசனுக்கு மங்குஸ்தான் பழம் விற்றோம். மற்ற மாதங்களில் பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்கினேன். நான் அதிகம் பேசாதவன். பழக்கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். கூவி விற்பது அவள்தான்.

ஐம்பத்துமூன்று, ஆனி மாதம். சாரல் விழுந்துகொண்டிருக்கிறது. பாத்திமாவின் அண்ணன் சேகு பினாங்கிலிருந்து வருகிறார். அங்கே ஜவுளிக் கடை வைத்திருக்கிறார். எனக்குக் கடையில் வேலை, குடும்பத்துக்கு மாடி வீடு என்கிறார். மலாயாவில் புதுச் சட்டம் வருகிறது, அதற்குப் பிறகு புது ஆட்களை விடமாட்டார்கள், இப்போது விட்டால் இனி கதவு திறக்காது என்கிறார். அடுத்த மாதம் நாகப்பட்டினத்தில் கப்பல்.

தெரு முழுக்க எனக்காக முடிவெடுத்துவிட்டது. சபர் போகாத ஆணை எங்கள் தெருவில் முழு ஆணாக யாரும் மதிப்பதில்லை. கடல் தாண்டிப் பிழைப்பதற்குச் சபர் என்று பெயர். நான் ஒரு தடவை போய் வெறுங்கையோடு திரும்பியது அந்தக் கணக்கில் இல்லை. தையல்காரர் எங்கள் பழக்கடைக்கே வந்து சட்டைக்கு அளவெடுத்துவிட்டுப் போனார். அங்கே ரப்பர் காடுகளில் கம்யூனிஸ்டுகளுக்கும் வெள்ளைக்காரனுக்கும் அப்போதும் துப்பாக்கிச் சண்டை. ரயிலைச் சுடுகிறார்கள். அது காட்டுக்குள்ளே, கடைத்தெருவில் இல்லை என்றார் மச்சான். பாத்திமா ஒன்றுதான் சொன்னாள். "போறதோ இருக்கதோ, ஒங்க வாயால சொல்லுங்க. எங்கண்ணன் கேக்குத மாதிரி சொல்லுங்க."

மூன்று வாரம் என் வாய் திறக்கவில்லை.

ஒரு நாள் காலை மச்சான் என்னைப் பேரருவிக்கு இழுத்துக்கொண்டு போகிறார். அருவிக்கு அடியில் நிற்கிறோம். அங்கே கத்தினால்தான் கேட்கும். அவர் என் செத்த காதில் கத்துகிறார். நான் தலையைத் திருப்பி வலது காதைக் கொடுக்கிறேன்.

"வாரீரா இல்லையாவே? சொல்லும்!"

அப்போது சத்தம் மாறியது. இரைச்சல் இறங்கிக் கனத்தது. முதலில் சருகு வந்தது. பிறகு குச்சி. தண்ணீர் செம்மண் நிறமானது. வெளியே இருந்தவர்களும் கிட்டே வந்து அண்ணாந்து பார்க்கிறார்கள். ஒருவர் கையை நீட்டிக் காட்டுகிறார். பினாங்குத் தெருதான். அதே கழுத்துகள்.

"பாக்காதீங்க! ஏலே, மேல பாக்காதீங்க! ஓடுங்க!"

கத்தியது நான். "தண்ணி வருது! வெளிய வாங்கலே!"

மச்சானின் கையைப் பிடித்து இழுத்தேன். எல்லோரும் ஓடினோம். பின்னால் ஒரு முழு மரம் விழுந்தது. கல் உருளும் சத்தம். ஆள் சேதம் இல்லை. மச்சானின் சிங்கப்பூர்க் கைலி தண்ணீரோடு போனது. கடைக்காரர் ஒருவர் கொடுத்த சாக்கைச் சுற்றிக்கொண்டு நடுங்குகிறார். அப்போதும் விடவில்லை.

"பாத்தீரா? இங்கனயும் சாவு இருக்குல்லா! பெறகு அங்கன வர என்ன பயம் ஒமக்கு?"

அருவி இன்னும் இரைகிறது. கத்தத்தான் வேண்டும். கத்தினேன்.

"பயம்தான் மச்சான்! இல்லைங்கலை! இங்கன தண்ணி வந்தா எப்பிடி வரும்னு தெரியும். எந்தப் பக்கம் ஓடணும்னு தெரியும். நான் செத்தா தூக்குததுக்கு நாலு பேரு உண்டு. எந்தம்பியைப் பொதைச்ச எடம்னு ஒரு கபர் இருக்கா? நாளைக்கு எவனாவது அங்கன கொடியை மாத்துவான். அவன் சண்டைக்கு நான் ஓடணுமா? வரமாட்டேன்! கதவை அடைக்கான்னா அடைச்சிட்டுப் போறான்!"

குளித்தவர்கள், எண்ணெய் தேய்ப்பவர்கள், எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் தலையைக் குனியவில்லை.

கடைக்கு வந்தேன். பாத்திமா பழத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "சத்தம் இங்கன வரைக்கும் கேட்டுச்சி," என்றாள். பிறகு, "இப்பிடித் தெனமும் கத்தியிருந்தா ஒரு கூடைப் பழம் அழுகியிருக்காது."

அடுத்த மாதம் கப்பல் போனது. மச்சான் தனியாகப் போனார். கதவு அடைபட்டது. தெருவில் இன்றுவரை எனக்குக் கப்பலேறா மாப்பிள்ளை என்று பெயர். நல்ல பெயர்.

இப்போது வருஷம் அறுபத்தாறு. தெருப் பையன்கள் சபர் போக மறுபடி புது ஊர்களின் பெயரைச் சொல்கிறார்கள். போகாதே என்று யாரையும் நான் தடுக்கவில்லை. தெரிந்துகொண்டு போகட்டும். அதற்காக எழுதுகிறேன்.

போனவை: பினாங்கில் குண்டு விழுந்த அன்று எரிந்த ஒரு தகரப் பெட்டி. அதில் உம்மாவுக்கு எடுத்த சேலை. என் இடது காது. ஒரு கைலி.

போனவர்கள்: காதர், என் தம்பி, பத்தொன்பது வயது. அதே லாரியில் பாவூர்சத்திரம் சண்முகம். குத்துக்கல்வலசை மாடசாமியும் அவர் மகனும். பெயர் தெரியாதவர்கள் லாரி நிறைய.

இந்தக் கணக்கில் என் பெயரும் இருந்திருக்கும். முதல் தடவை காய்ச்சல் தடுத்தது. இரண்டாம் தடவை நான்தான் கொடுக்கவில்லை.